கேமரா 400 காட்டியும் ஒட்டாத அடுக்குகள்: லேசர் கொண்டு கார்பன் நாடா பதித்த அனுபவம்

எட்டு அடுக்குகள் கொண்ட முதல் தகட்டை அச்சிலிருந்து எடுத்தபோது கண்ணுக்குக் குறை எதுவும் தென்படவில்லை. நாடாக்கள் ஒன்றை ஒன்று ஒட்டி நேர்க்கோட்டில் அமைந்திருந்தன. மேற்பரப்பு கருத்து, ஓரளவு மினுமினுப்புடன் இருந்தது. பதித்த நேரம் முழுவதும் வெப்பக் கேமராவின் திரையில் 400 டிகிரி செல்சியஸ் என்ற எண் ஐந்தாறு டிகிரிக்கு மேல் அசையவே இல்லை. ஆனால் ஓரத்தில் கத்தி முனையை நுழைத்து மெல்ல நெம்பியதும், மேலடுக்கு காய்ந்த மரப்பட்டையைப் போல முழு நீளத்துக்கும் உரிந்து கையோடு வந்துவிட்டது. அந்தக் குறைக்குக் காரணம் தேடிய வாரங்களில்தான், லேசர் கொடுக்கும் வெப்பம் இந்தப் பொருளுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது, எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறது என்பது எனக்குப் புரிந்தது.

நாங்கள் கையாண்ட பொருள், பாலி ஈதர் ஈதர் கீட்டோன் என்னும் தெர்மோபிளாஸ்டிக்கில் கார்பன் இழைகளைப் பதித்துச் செய்த நாடா. சுருக்கமாக இதைப் பீக் என்பார்கள். நாடாவின் அகலம் 12.7 மில்லிமீட்டர், தடிமன் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். இந்தப் பிசின் 143 டிகிரிக்கு அருகே இறுக்கம் தளர்ந்து இளகத் தொடங்கும். 343 டிகிரியில் அதன் படிகங்கள் உருகும். எப்பாக்சி போன்ற பிசின்கள் வேதிவினையால் இறுகுபவை. ஒருமுறை இறுகினால் திரும்ப உருகாது. தெர்மோபிளாஸ்டிக்கில் அந்த வினை எதுவும் கிடையாது. உருக்கினால் ஒட்டும், ஆறினால் இறுகும், மறுபடி உருக்கலாம். ஆகவே கொள்கை அளவில், நாடாவைப் பதிக்கும் அந்தக் கணத்திலேயே அடுக்குகளை முழுமையாக ஒட்டிவிடலாம். பிறகு ஆட்டோகிளேவில் வைத்து மணிக்கணக்கில் அழுத்திச் சூடாக்க வேண்டியதில்லை. அந்தக் கொள்கையை எங்கள் சிறிய அமைப்பில் நடைமுறைக்குக் கொண்டுவருவதே நோக்கம்.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நேர்க்கோட்டில் நகரும் மேசை ஒன்றின் மேல் அலுமினிய அச்சுத் தகடு. அதற்கு மேலே நாடாவை ஊட்டும் தலைப்பகுதியும், 60 மில்லிமீட்டர் விட்டம் கொண்ட சிலிக்கோன் உறை போட்ட உருளையும் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தன. உருளைக்கு முன்னால், சாய்வாக, 980 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட டயோடு லேசரின் ஒளித்தலை. அதிலிருந்து வரும் செவ்வக ஒளிக்கற்றையின் மேல்பகுதி வந்துகொண்டிருக்கும் நாடாவிலும், கீழ்ப்பகுதி ஏற்கெனவே பதித்த அடுக்கிலும் விழும். இரண்டும் உருகிய நிலையில் உருளையின் அடியில் சந்தித்து அழுந்த வேண்டும். அவை சந்திக்கும் அந்தக் கோட்டைச் சந்திப்புக் கோடு என்றும், ஏற்கெனவே பதித்த பரப்பைக் கீழடுக்கு என்றும் குறிப்பிடுகிறேன்.

இந்த வேலைக்குச் சூடான நைட்ரஜன் வாயுவை ஊதும் முறையும் உண்டு. அதன் செலவும் குறைவு. இருந்தும் லேசரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் வேகம். வாயு தன் வெப்பத்தைப் பரப்பின் மேல் உரசிக் கடக்கும்போதுதான் கொடுக்கிறது. அதில் பெரும்பகுதி வீணாகச் சுற்றிலும் பரவிவிடுகிறது. லேசர் தன் ஆற்றலை நேரே பொருளில் சேர்க்கிறது, ஆணை கொடுத்த சில மில்லிநொடிகளுக்குள் கூடவும் குறையவும் செய்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, இந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுவது பிசின் அன்று, கார்பன் இழை என்பதே. பீக் இந்த ஒளியைப் பெரும்பாலும் சிதறடித்து உள்ளே விட்டுவிடும். மேற்பரப்பிலிருந்து சில மைக்ரோமீட்டர் ஆழத்தில் இருக்கும் இழைகள் அதை உறிஞ்சிச் சூடாகி, தங்களைச் சுற்றியுள்ள பிசினை உருக்குகின்றன. நாடாவின் மேற்பரப்பில் ஓர் இடத்தில் பிசின் தடித்தும் இன்னோர் இடத்தில் இழை வெளியே தெரிந்தும் இருந்தால் சூடும் அப்படியே மாறுபடும்.

முதல் தகட்டின் அமைப்பு எண்கள் இவை: மேசையின் வேகம் நொடிக்கு 100 மில்லிமீட்டர்; ஒளிக்கற்றையின் சாய்வு கீழடுக்கிலிருந்து 20 டிகிரி; கீழடுக்கில் ஒளி விழுந்த நீளம் 30 மில்லிமீட்டர்; அச்சுத் தகடு அறை வெப்பநிலையில். ஒளியை நாடாவுக்கும் கீழடுக்குக்கும் பாதிப் பாதியாகப் பிரித்திருந்தோம்.

உரிந்து வந்த பரப்பை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். நன்றாக ஒட்டிய தெர்மோபிளாஸ்டிக் அடுக்கைப் பிய்த்தால் பிசின் இழுபட்டு, நுண்ணிய வெண்ணிறச் செதில்கள் நிமிர்ந்து நிற்கும். பரப்பு முழுவதும் சாம்பல் பூத்தது போலத் தெரியும். இங்கே அப்படி இல்லை. நாடாவின் நீளவாக்கில் மெல்லிய கோடுகளாக மட்டும் சில இடங்களில் அந்த வெண்மை இருந்தது. அவற்றுக்கு இடையே அகலமான பட்டைகள் பிசினின் பழைய மினுமினுப்போடு அப்படியே இருந்தன, எதையும் தொட்டதற்கான அடையாளமே இல்லாமல். இன்னும் சில இடங்களில் பிசினே இல்லாத வெறும் இழைகள் தலைமுடி போலப் பிரிந்து கிடந்தன. ஆக, பரப்புகள் முழுவதும் தொடவில்லை; தொட்ட இடத்திலும் முழுவதும் கலக்கவில்லை. இந்த இரண்டும் தனித்தனிக் குறைகள் என்பது அப்போது எனக்குத் தெளிவாக விளங்கவில்லை.

வெப்பம் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தோம். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, கேமராவின் எண் அதே 400 இல் நிற்கும்படி லேசரின் திறனையும் குறைத்து இரண்டாவது தகட்டைச் செய்தோம். அதுவும் ஏறத்தாழ அதே அளவு எளிதாக உரிந்தது. மெதுவாகப் போனால் நன்றாக ஒட்டும் என்ற பொதுப்புத்தி ஏன் பொய்த்தது என்பது இரண்டு வாரங்கள் எங்களுக்குப் பிடிபடவில்லை.

விடை தெர்மோகப்பிளில், அதாவது இரு உலோகக் கம்பிகளின் முனையை இணைத்து வெப்பநிலையை அளக்கும் கருவியில், கிடைத்தது. 0.08 மில்லிமீட்டர் கம்பியில் செய்த கே வகைத் தெர்மோகப்பிளைக் கீழடுக்கின் மேல் வைத்து, அதன் மேல் நாடாவைப் பதித்து, நொடிக்கு ஆயிரம் அளவுகள் பதிவாகும்படி எடுத்தோம். இதில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். முனையைத் தவிர மற்றக் கம்பியை நன்றாகக் காப்பிடாவிட்டால் அளவு தாறுமாறாகும். அடுத்து, ஒளி நேரடியாகப் படும்போது கம்பி உலோகமாக இருப்பதால் அது தன் போக்கில் சூடாகும். அந்தப் பகுதியின் எண்ணை நம்பக் கூடாது. ஆனால் கம்பி இரண்டு அடுக்குகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பிறகு காட்டும் எண் நம்பத்தகுந்தது. அந்த எண் சந்திப்புக் கோட்டைத் தாண்டியவுடனேயே 320 டிகிரிக்கு அருகில் இருந்தது; உருளையின் அடியில் இருக்கும்போதே 250 க்குக் கீழே இறங்கியது. கேமராவோ அதே ஓட்டத்தில் 400 காட்டிக்கொண்டிருந்தது.

கேமரா பொய் சொல்லவில்லை. அது 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அகச்சிவப்பைப் பார்க்கும் கருவி. லேசரின் ஒளி அதன் கண்ணில் படாது. பொருளின் உமிழ்திறனையும் (சூடான பரப்பு எவ்வளவு அகச்சிவப்பை வெளிவிடுகிறது என்பதன் அளவு), சூடாக்கிய மாதிரித் துண்டு ஒன்றைக் கொண்டு 0.9 என்று சரிபார்த்திருந்தோம். ஆனால் அது பார்த்த இடம் வேறு. ஒளி விழும் பகுதியில் மிக அதிகமாகச் சூடான புள்ளியை அது காட்டியது. அந்தப் புள்ளிக்கும் சந்திப்புக் கோட்டுக்கும் நடுவே ஒளி எட்டாத ஒரு குறுகிய பட்டை இருந்தது. உருளையின் வளைவு ஒளிக்கற்றையை மறைப்பதால் விழும் நிழல் அது.

நிழலின் நீளத்தைத் தாளில் வரைந்தே கணக்கிடலாம். உருளையின் ஆரத்தை, ஒளியின் சாய்வில் பாதிக் கோணத்தின் டேன்ஜெண்டால் பெருக்கினால் போதும். ஆரம் 30 மில்லிமீட்டர், சாய்வு 20 டிகிரி என்றால் நிழல் 5.3 மில்லிமீட்டர் வரும். நொடிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க 0.05 நொடிதான் ஆகும். அவ்வளவு குறுகிய நேரத்தில் என்ன ஆறிவிடப் போகிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் கீழடுக்கு எவ்வளவு ஆழத்துக்குச் சூடாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இழைகளுக்குக் குறுக்கே இந்தப் பொருளில் வெப்பம் பரவும் வேகம் மிகக் குறைவு, ஒளியில் கழியும் 0.3 நொடியில் வெப்பம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அடுக்குகளின் ஆழம்தான் இறங்கும். அதற்குக் கீழே எல்லாம் குளிர்ந்த பொருள். ஒளி நின்ற மறுகணமே மேற்பரப்பின் வெப்பத்தை அந்தக் குளிர்ந்த பகுதி உறிஞ்சத் தொடங்கும். தடித்த ஒரு பொருளின் மேற்பரப்பைச் சீராகச் சூடாக்கி நிறுத்தினால் வெப்பநிலை எப்படி இறங்கும் என்பதற்குப் பாடநூல்களில் உள்ள சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்டேன். 30 மில்லிமீட்டர் நீளம் ஒளியில் சூடாகி, 5.3 மில்லிமீட்டர் நிழலைக் கடந்தால், அறை வெப்பநிலைக்கு மேல் ஏறிய சூட்டில் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். 20 டிகிரியிலிருந்து 400 க்கு ஏறிய பரப்பு, சந்திப்புக் கோட்டை அடையும்போது 270 டிகிரிக்கு வந்துவிடும். நாடாவின் நிலை வேறு. அது 0.15 மில்லிமீட்டர் தடிமனே கொண்டது, 0.1 நொடிக்குள் மறுபக்கம் வரை சூடு பரவிவிடும். அதன் பின்னால் வெப்பத்தை உறிஞ்சக் குளிர்ந்த பொருள் இல்லாததால் நிழலில் அவ்வளவாக ஆறாது. 370 க்கு அருகில் இருக்கும் நாடாவும் 270 இல் இருக்கும் கீழடுக்கும் தொட்டால் நடுவில் 320 அமையும். தெர்மோகப்பிள் காட்டியது அதையேதான். அந்த இரண்டு எண்களும் பொருந்திய மாலை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

வேகத்தைக் குறைத்தும் ஏன் பயனில்லை என்பதும் அதே சமன்பாட்டில் இருந்தது. மிஞ்சும் சூடு, நிழலில் கழியும் நேரத்துக்கும் ஒளியில் கழியும் நேரத்துக்கும் உள்ள விகிதத்தை மட்டும் பொறுத்தது. வேகத்தைப் பாதியாக்கினால் இரண்டு நேரங்களும் இருமடங்காகும், விகிதம் மாறாது. ஒளிக்கற்றையும் உருளையும் அமைந்த வடிவத்தை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றியதால்தான் இரண்டாவது தகடும் முதல் தகட்டின் குறையையே பெற்றது.

எங்கே கை வைக்க வேண்டும் என்பது இப்போது தெரிந்தது. ஒளித்தலையின் தாங்கியைக் கழற்றி, சாய்வை 20 இலிருந்து 12 டிகிரிக்குத் தாழ்த்தினோம். அதற்கும் கீழே இறக்கினால் தலையின் கூடு அச்சில் இடிக்கும். 12 டிகிரியில் நிழல் 3.2 மில்லிமீட்டராகச் சுருங்கியது. அதே ஒளிக்கற்றை கீழடுக்கில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் நீளத்துக்கு நீண்டு படர்ந்தது. இரண்டு மாற்றங்களும் நமக்குச் சாதகமானவை. சாய்வு தாழத் தாழப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் பங்கு கூடும் என்பது உண்மையே. ஆனால் தெறித்த ஒளியில் ஒரு பகுதி நாடாவுக்கும் கீழடுக்குக்கும் நடுவில் உள்ள ஆப்பு வடிவ இடைவெளிக்குள் மாறி மாறி மோதி, நிழல் பகுதிக்குள்ளும் கொஞ்சம் போய்ச் சேர்கிறது. அந்த இழப்பை நான் பெரிதாக நினைக்கவில்லை.

அடுத்து, அச்சுத் தகட்டில் கார்ட்ரிட்ஜ் ஹீட்டர்கள் எனப்படும் குச்சி வடிவ மின்சூடேற்றிகளைச் செருகி 180 டிகிரிக்குச் சூடாக்கினோம். தொடக்கமே 180 ஆக இருந்தால் லேசர் ஏற்ற வேண்டியது 220 டிகிரி மட்டுமே. நிழலில் இழப்பதும் அந்த 220 இல் ஒரு பங்கு மட்டுமே. கணக்கின்படி கீழடுக்கு சந்திப்புக் கோட்டுக்கு வரும்போது 350 டிகிரியில், உருகுநிலைக்கு மேலேயே இருக்க வேண்டும். அச்சைச் சூடாக்காமல் வடிவத்தை மட்டும் மாற்றியிருந்தால் 316 தான் வந்திருக்கும். உருகிய பீக் 343 க்குக் கீழே இறங்கியதும் உடனே உறைந்துவிடாது, சிறிது நேரம் உருகிய நிலையிலேயே தாக்குப்பிடிக்கும் என்றாலும், அதன் பாகுநிலை வேகமாகக் கூடிக்கொண்டே போகும். அந்த இழுபறியில் நல்ல ஒட்டை எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது மாற்றம் ஒளியைப் பங்கிடுவதில். இதற்கும் ஒரு எளிய கணக்கு உதவியது. நொடிக்கு 100 மில்லிமீட்டர் நாடா என்பது ஏறத்தாழ 0.3 கிராம். கிராமுக்கு ஒரு டிகிரி உயர்த்தச் சராசரியாக 1.3 ஜூல் என்று கொண்டால், அறை வெப்பநிலையிலிருந்து 400 க்கு ஏற்ற 150 வாட் வேண்டும். படிகங்களை உருக்குவதற்கான வெப்பம் அதனோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. கீழடுக்குக்கோ, வெப்பம் ஆழத்தில் இறங்கிக்கொண்டே இருப்பதால், முதல் அமைப்பில் ஏறத்தாழ 280 வாட் தேவைப்பட்டிருக்கிறது. பாதிப் பாதியாகப் பிரித்தது அடிப்படையிலேயே தவறு. கீழடுக்குக்கு அதிகம் கொடுத்து, நாடாவையும் கீழடுக்கையும் கேமராவில் தனித்தனிக் கட்டங்களாகப் பார்க்கும்படி மென்பொருளையும் மாற்றினோம். அச்சு சூடான பிறகு கீழடுக்கின் தேவை 210 வாட்டாகக் குறைந்தது. அச்சைச் சூடாக்குவதை வீண் செலவு என்று சொல்பவர்களுக்கு இந்த எண்ணைக் காட்டலாம்.

மூன்றாவது தகட்டில் மேலடுக்கு கையால் உரியவில்லை. இரண்டு அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய எஃகு ஆப்பைத் தள்ளி அதற்கு ஆகும் விசையை அளக்கும் சோதனைக்கு அதை அனுப்பினோம். பிரிந்த பரப்பில் வெண்ணிறச் செதில்கள் பெரும்பகுதியில் படர்ந்திருந்தன. ஆயினும் நீளவாக்கில் மினுமினுப்பான பட்டைகள் இன்னும் மிச்சமிருந்தன. வெப்பம் போதிய அளவு இருந்தும் அந்த இடங்களில் பரப்புகள் தொடவே இல்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

இங்கேதான் இரண்டாவது குறை தனியாக வெளிப்பட்டது. உருகிய பிசினின் மூலக்கூறுச் சங்கிலிகள் எல்லையைக் கடந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதற்கு, 400 டிகிரிக்கு அருகில், மிகச் சொற்ப நேரமே போதும். பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் கில் தெ ஜென் 1971 இல் விளக்கிய, சங்கிலி தன் பாதையிலேயே பாம்பு போல நெளிந்து நகரும் அசைவுதான் இது. ஆனால் அதற்கு முன்பு இரண்டு பரப்புகளும் இடைவெளியின்றித் தொட வேண்டும். பரப்பின் மேடு பள்ளங்களைப் பாகு போன்ற உருகிய பிசின் நிரப்ப வேண்டும். அது உருளை அழுத்தும் நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். எங்கள் உருளை அழுந்தித் தட்டையாகும் நீளம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். கிடைக்கும் நேரம் 0.1 நொடி. ஆகவே ஒட்டின் தரத்தை நிர்ணயிப்பது, பரப்பு எவ்வளவு கரடுமுரடாக உருளையின் அடியில் வந்து சேர்கிறது என்பதே.

லேசரே அந்தக் கரடுமுரடைக் கூட்டுகிறது. நாடாத் துண்டு ஒன்றை, உருளை இல்லாமல், இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு ஒளியில் அரை நொடி காட்டிப் பார்த்தேன். மழமழப்பாக இருந்த பரப்பு கண்ணெதிரே மங்கியது. விரலால் தடவினால் மிக நுண்ணிய உப்புத்தாளைத் தொடுவது போல இருந்தது. குறுக்காக வெட்டி மெருகேற்றி உருப்பெருக்கியில் பார்த்தபோது தடிமன் கூடியிருந்தது. முன்பு இல்லாத வெற்றிடங்கள் இழைகளுக்கு நடுவே வாய் திறந்திருந்தன. நாடாவைத் தயாரித்தபோது அழுத்திச் சுருட்டி இறுகவைத்த இழைகள், பிசின் உருகியதும் பிடி தளர்ந்து விரிகின்றன. உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் சேர்ந்து விரிகின்றன. சூடாக்கும் நீளத்தைக் கூட்டினால் நிழலின் இழப்பு குறைகிறது, ஆனால் இந்த விரிவுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றொன்று வருகிறது. 50 மில்லிமீட்டருக்கு மேல் நீளத்தைக் கூட்டாமல் நிறுத்தியதற்கு இதுவே காரணம். பரப்பில் பிசின் சீராக உள்ள நல்ல நாடாவை வாங்குவது லேசரில் செய்யும் எந்தத் திருத்தத்தையும் விடப் பெரிய பயன் தரும் என்பது என் கருத்து.

உருளையில் இரண்டு பாடங்கள். சிலிக்கோன் மென்மையானது, கீழே உள்ள மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். ஆனால் தானும் சூட்டை உறிஞ்சும். முதல் சில நாடாக்களைப் பதிக்கும்போது குளிர்ந்திருந்த உருளை, ஐந்து நிமிடத்துக்குப் பிறகு தொடமுடியாத சூட்டில் இருந்தது. ஒரே தகட்டின் தொடக்கமும் முடிவும் வேறு வேறு தரத்தில் அமைந்தன. வேலை தொடங்கும் முன் சூடான அச்சின் மேல் உருளையை வெறுமனே ஓட்டிப் பதப்படுத்துவதும், பிறகு அதன் மேல் அழுத்தக் காற்றை ஊதி ஒரே நிலையில் வைப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டன. சிலிக்கோன் நெடுநேரம் 250 டிகிரிக்கு மேல் தாங்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு நாடாவின் தொடக்கத்திலும் கருகிய ஒரு பட்டை வந்துகொண்டிருந்தது. மேசை வேகம் எடுக்கும் வரை பரப்பு ஒளியில் அதிக நேரம் நின்றுவிடுவதால் வந்த குறை அது. வேகத்துக்கு ஏற்பத் திறனைக் கூட்டினால் தீரும் என்று எண்ணினோம், பாதிதான் தீர்ந்தது. மெல்லிய நாடாவுக்குத் தேவையான திறன் வேகத்துக்கு நேர்விகிதத்தில் மாறும். தடித்த கீழடுக்குக்கோ வேகத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். வேகம் கால்பங்காக இருக்கும்போது நாடாவுக்குக் கால்பங்கு திறனும் கீழடுக்குக்குப் பாதித் திறனும் வேண்டும். ஒரே ஒளிக்கற்றையால் இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது. ஆகவே நாடாவின் தொடக்கத்தைத் தகட்டின் எல்லைக்கு வெளியே தள்ளி, அந்தப் பகுதியைக் கடைசியில் அறுத்துவிடுகிறோம். தனித்தனி மண்டலங்களாகத் திறனை மாற்றக்கூடிய ஒளிமூலங்கள் இருந்தால் இந்த வீணாக்கம் தேவைப்படாது.

அச்சை 180 டிகிரிக்குச் சூடாக்கியது ஒட்டுக்காக மட்டும் அல்ல. பீக்கின் சங்கிலிகள் ஆறும்போது ஒழுங்காக அடுக்கிப் படிகமாவதற்கு நேரம் வேண்டும். மெதுவாக ஆறினால் பிசினில் மூன்றில் ஒரு பங்கு வரை படிகமாகும். லேசர் முறையில் வெப்பநிலை நொடிக்குப் பல நூறு டிகிரி வீதம் சரிகிறது. குளிர்ந்த அச்சில் செய்த தகட்டிலிருந்து எடுத்த துண்டை, பொருள் உறிஞ்சும் அல்லது வெளிவிடும் வெப்பத்தை அளக்கும் டி.எஸ்.சி. சோதனையில் மெல்லச் சூடாக்கியபோது வரைபடத்தில் 170 டிகிரியை ஒட்டி ஒரு மேடு தோன்றியது. படிகமாகாமல் உறைந்துபோன பகுதி இப்போதுதான் படிகமாகிறது என்பதற்கான அடையாளம் அது. சூடான அச்சில் செய்த துண்டில் அந்த மேடு இல்லை. படிகம் குறைந்த பிசின் அதிகமாக இழுபட்டுக் கிழிவதால் அடுக்குகளுக்கு இடையே விரிசல் ஓடுவதை நன்றாகத் தடுக்கும். அதே நேரம் அதன் விறைப்பும், சூட்டையும் கரைப்பான்களையும் தாங்கும் திறனும் குறையும். எங்கள் தகட்டுக்கு விறைப்பே முக்கியம் என்பதால் படிகத்தைத் தேர்ந்தெடுத்தோம். வேறு பயனுக்கு வேறு முடிவு சரியாக இருக்கலாம்.

கண்ணாடி இழையும் நைலான் 6 உம் கொண்ட, நிறமி சேர்க்காத நாடாவையும் ஒருநாள் முயன்றோம். கண்ணாடி இழை இந்த ஒளியை உறிஞ்சாது. நாடாவைக் கடந்து போன ஒளி அச்சுத் தகட்டைத் தாக்கியது. நாடாவோ இளகக்கூட இல்லை. கார்பன் கரி கலந்த கறுப்பு நாடாவை மாற்றியதும் உருகியது, ஆனால் முழுவதும் குமிழிகள். நைலான் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் இரவு உலர்த்தும் அடுப்பில் வைத்த பிறகுதான் அவை அடங்கின.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இது நான்காம் வகை, அதாவது மிக ஆபத்தான வகை லேசர்; ஒளி கண்ணுக்குத் தெரியாது. நாடாவின் பரப்பிலிருந்து தாழ்ந்த கோணத்தில் தெறிக்கும் பங்கு கண்ணைப் பறிக்கப் போதுமானது. சாய்வை 12 டிகிரிக்கு மாற்றிய முதல் நாளில், உருளைக்குப் பின்னால் இருந்த கம்பி உறை ஒன்றில் உருகிய தழும்பைக் கண்டோம். தெறித்த ஒளியின் திசை மாறிவிட்டதை அது காட்டியது. மூடிய உலோகக் கூடு, கதவைத் திறந்தால் லேசர் அணையும் பூட்டு, அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி ஆகிய மூன்றும் இல்லாமல் யாரும் இதை இயக்கக் கூடாது; கோணத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் குறைந்த திறனில் இயக்கி, ஒளி எங்கே போய் முட்டுகிறது என்று கூட்டின் உட்புறத்தைப் பார்த்த பிறகே முழுத் திறனுக்குப் போக வேண்டும். இழைத் துகள்கள் மின்சாதனங்களுக்குள் போனால் குறுக்குச்சுற்றை உண்டாக்கும் என்பதால் உறிஞ்சும் குழாயை வெட்டும் இடத்துக்கு அருகிலேயே வைத்திருக்கிறோம்.

ஏழாவது தகட்டில், எல்லா நாடாக்களையும் பதித்த பிறகு புதிய நாடா எதுவும் ஊட்டாமல் அதே பாதையில் லேசரையும் உருளையையும் ஒருமுறை ஓட்டினோம். கடைசி அடுக்கின் மேல் பிறகு எந்த அடுக்கும் வருவதில்லை என்பதால் அது மற்றவற்றைவிடக் குறைவாகவே சூட்டையும் அழுத்தத்தையும் பெறுகிறது. அதைச் சரிசெய்யவே இந்த மறு ஓட்டம். மேற்பரப்பின் கரடு அடங்கியது. குறுக்கு வெட்டில் மேல் இரண்டு அடுக்குகளின் வெற்றிடங்களும் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருந்தன. ஆப்புச் சோதனையில் பிளவு எல்லையை விட்டு விலகி நாடாவின் உள்ளேயே ஓடத் தொடங்கியது. இனி மிச்சமிருப்பது, அடுத்தடுத்த நாடாக்கள் பக்கவாட்டில் சந்திக்கும் விளிம்பு. ஒளிக்கற்றையின் ஓரம் மங்கலாக இருப்பதால் அங்கே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பட்டை இன்னும் மினுமினுக்கிறது. கற்றையை நாடாவைவிட இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் அகலமாக்கும் வில்லையைப் பொருத்திவிட்டோம். எட்டாவது தகடு இப்போது அச்சில் ஆறிக்கொண்டிருக்கிறது.